பத்திரிகையில் பெயர் வந்தவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆசான் ஆகிவிடுவது என்று அசோக்குமார் தீர்மானம் செய்திருந்தான். போகிற போக்கில் செய்ததல்ல. தலைக்குக் குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்கு முன்னால் நின்று செய்த தீர்மானம்.

ஆசான் என்றால் சிலம்ப ஆசானோ வர்ம ஆசானோ இல்லை. அது வேறு கதை. அசோக்குமாருடன் காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பரீட்சையில் தவறி, அடுத்த முறை ஒன்றாகத் தேறிய கூட்டாளிகள் மூன்று பேர். சிவனாண்டி துபாய்க்குப் போய்விட்டான். நல்லகாமன் பெங்களூரில். மருது கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில். அசோக்குமார் மட்டும் மதுரையை விடவில்லை. காளவாசலில் வீடு, உரக் கம்பெனி ஒன்றின் கிளை ஆபீசில் ஹெட்கிளார்க் உத்தியோகம்.

இரண்டாயிரத்து நாலில் நாலு பேர் வீட்டுக்கும் கம்ப்யூட்டர் வந்து, இண்டர்நெட்டும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாலு பேரும் சாட்டில் கூடுவது என்று ஏற்பாடு. முதல் வாரம் பழைய கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள். அடுத்த வாரம் “அப்புறம்?” என்று ஒருத்தன் கேட்க, “நீதான் சொல்லணும்” என்று இன்னொருத்தன் சொல்ல, அதையே ஒரு மணி நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வாரம் மருது ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான்.

ஒருத்தன் ஒரு பிரபலமான ஆளை மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முறை வைத்துக் கேள்வி கேட்பார்கள். நினைத்தவன் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். இருபது கேள்விக்குள் ஆளைக் கண்டுபிடிப்பவனுக்கு ஒரு புள்ளி. ஒரு வருஷம் முடிந்ததும் யாருக்குப் புள்ளி அதிகமோ அவன்தான் ஆசான். அதற்கடுத்த வருஷம் முழுக்க மற்ற மூவரும் அவனை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் பார்த்தாலும் சரி, கக்கூஸ் வாசலில் பார்த்தாலும் சரி.

அசோக்குமார் இதற்கென்றே பிறந்தவன். வடை மடித்து வரும் பேப்பரைக்கூடப் படித்துவிட்டுத்தான் வடையைத் தின்பான். எந்த ராஜா எந்தக் கோட்டையைக் கட்டினார், எந்த விஞ்ஞானிக்கு எந்த நாட்டில் சிலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். வீட்டில் கேஸ் சிலிண்டர் எப்போது தீர்ந்தது என்பது மட்டும் தெரியாது.

அவன் போன மாசமே ஆசான் ஆகியிருக்க வேண்டியது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்ததால் வந்த வினை. அன்றைக்கு ஆளை நினைத்தவன் நல்லகாமன். அசோக்குமார் “வாள் உண்டா?” என்று கேட்டான். நல்லகாமன் “இல்லை” என்றான். கடைசியில் பார்த்தால் அவன் நினைத்தது ஜான்சி ராணி.

“ஜான்சி ராணிக்கு வாள் இல்லையாடா?” என்று அசோக்குமார் குதித்தான்.

“வால்னுல்ல படிச்சேன். ராணியைப் பார்த்துக் கேக்குற கேள்வியாடா இதுன்னு நினைச்சேன்” என்றான் நல்லகாமன்.

அந்த வாலில் ஒரு புள்ளி போனது. சிவனாண்டியும் அசோக்குமாரும் சமமாக வந்து நின்றார்கள். கார்த்திகை மாசத்துக் கடைசி ஞாயிறுதான் வருஷத்தின் கடைசி ஆட்டம். அன்றைக்கு ஆளை நினைக்கும் முறை மறுபடியும் நல்லகாமனுக்கு. லீவில் ஊர் மாறி இருப்பேன், வேறு எங்கிருந்தாவது வருவேன், லைன் மெதுவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவன் முன்கூட்டியே சொல்லியிருந்தான்.

இந்த நேரத்தில்தான் சுருளி பத்திரிகையோடு வந்தான். சுருளி அசோக்குமாருடைய மனைவி பாண்டீஸ்வரிக்குத் தம்பி. அலங்காநல்லூரில் நெட் சென்டர் வைக்கிறான். எட்டுக் கம்ப்யூட்டர். அழைப்புப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் பெரிய எழுத்தில், ‘திறந்து வைப்பவர்: திரு. அசோக்குமார், பி.காம்., அவர்கள்.’

“மச்சான், ஒங்க கைராசிக்குத்தான் ஓடணும்” என்றான் சுருளி.

அசோக்குமாருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பத்திரிகையை ஆபீசுக்கு எடுத்துப் போய் மேனேஜரிடம் காட்டினான், வாட்ச்மேனிடம் காட்டினான், உரம் வாங்க வந்த விவசாயி ஒருவரிடமும் காட்டினான். அவர்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை உரக்க வாசித்தார். கார்த்திகைக் கடைசி ஞாயிறு. மாலை மூன்று முதல் நாலரைக்குள்.

அன்றைக்கு மதியம் அவன் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. தேதியை மாற்றச் சொல்லவும் முடியாது. அந்த வாரத்தை விட்டால் மார்கழி. மார்கழியில் யாரும் கடை திறக்க மாட்டார்கள்.

இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். பாண்டீஸ்வரி முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, கூடவே நாலு தண்டைக் கிள்ளினான். அதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

“ஈஸ்வரி, ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல ஆடிட்டாம்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆடிட்டருக்கு அன்னைக்குத்தான் ஒழியுதாம்.”

“எம்புட்டு நேரம் ஆகும்?”

“சாயங்காலம் ஆயிரும்.”

“மத்தவுகளும் வாராகளா?”

“நான் இல்லாட்டி ஆடிட்டே நடக்காதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரு.”

“நீங்க இல்லாட்டி அங்க ரிப்பன் வெட்ட முடியாதேங்க. பத்திரிகையில பேரு போட்டாச்சு. ஊரெல்லாம் குடுத்தாச்சு.”

“ஒங்கப்பா வெட்டட்டும்.”

“அவரு கிடாதான் வெட்டுவாரு.”

அசோக்குமார் பெருமூச்சு விட்டான். “எனக்கு மட்டும் ஆசை இல்லையா? வேலை அப்படி” என்றான். குரல் லேசாகத் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பு அவனுக்கே பிடித்திருந்தது.

பாண்டீஸ்வரி கீரையை முறத்தில் தட்டினாள். “சரி, வேலைன்னா வேலைதான். புளியோதரை கட்டித் தாரேன், கொண்டு போங்க” என்றாள்.

இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே என்று அவனுக்குக் குற்ற உணர்ச்சி வந்தது. ஒரு தும்மல் நேரம் இருந்தது. போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் முழுக்கைச் சட்டை போட்டு, பேனா செருகி, புளியோதரை டப்பாவோடு ஸ்கூட்டரில் கிளம்பினான். தெருமுனை தாண்டி, காளவாசல் டீக்கடையின் பின்பக்கம் வண்டியை நிறுத்தி, வாழைத்தார் தொங்கும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். இரண்டு டீ குடித்தான். மூன்றாவது டீயின்போது பாண்டீஸ்வரி பட்டுச்சேலையும் இனிப்புப் பெட்டியுமாக ஆரப்பாளையம் ஷேர் ஆட்டோவில் ஏறுவது தெரிந்தது. ஆட்டோ கடையைத் தாண்டும்போது அசோக்குமார் வாழைத்தாருக்குள் முகத்தைப் புதைத்தான்.

“அண்ணே, பழம் வேணும்னா பறிச்சுத் தாரேன். வாயால கடிக்காதீக” என்றார் கடைக்காரர்.

வீட்டுக்குத் திரும்பிக் கதவைத் தாழ் போட்டான். ஆடிட் நடக்கும் இடத்தில் செல்போன் கூடாது என்று அவளிடம் சொல்லியிருந்ததால் அதை அணைத்து அலமாரியில் வைத்தான். கை துறுதுறுவென்று இருந்தது. மூன்று மணி வரைக்கும் பொறுக்க முடியாமல் பன்னிரண்டு மணிக்கே வீட்டு போன் வயரைக் கம்ப்யூட்டரில் மாட்டினான். மோடம் ஆட்டுக்குட்டி போலக் கத்தி, இரும்புபோலக் கரகரத்து, அடங்கியது. மதியம் முழுக்கப் பொது அறிவுப் பக்கங்களைப் புரட்டினான். புளியோதரை தேவாமிர்தமாக இருந்தது.

மூன்று மணிக்கு சிவனாண்டி வந்தான். மருது வந்தான். கொஞ்சம் தாமதமாக நல்லகாமன் பெயரும் எரிந்தது. ‘ஆளை நினைச்சாச்சு. கேளுங்க’ என்று வந்தது. அடிக்க அடிக்கத் தெரியும் அந்தச் சாட்டில் ஒவ்வொரு எழுத்தாக, நத்தை ஊர்வதுபோல வந்தது. லைன் மெது என்று சொன்னானே, அதுதான் என்று அசோக்குமார் நினைத்துக்கொண்டான்.

‘ஆணா?’ என்றான் சிவனாண்டி.

‘ஆம்.’

‘உயிரோட இருக்காரா?’ என்றான் மருது.

‘ஆம். இப்போதைக்கு.’

‘தமிழ்நாடா?’ அசோக்குமாரின் கேள்வி.

‘ஆம்.’

‘சினிமாக்காரரா?’ சிவனாண்டி.

‘இல்லை. ஆனா நல்லா நடிப்பாரு.’

வழக்கமாக நல்லகாமன் ஒரு சொல்லுக்கு மேல் தர மாட்டான். இன்றைக்கு வாலோடு பதில் வருகிறது. லீவில் இருக்கிறான், உற்சாகம் போல என்று அசோக்குமார் அதையும் தாண்டிப் போனான்.

‘அரசியல்வாதியா?’ மருது.

‘இல்லை. ஆனா வாரேன்னு பேரைப் போட்டுட்டு வர மாட்டாரு.’

‘மதுரைக்காரரா?’ அசோக்குமார்.

‘ஆம்.’

அசோக்குமார் நாற்காலியை முன்னால் இழுத்தான். மதுரை அவனுடைய கோட்டை. மதுரைக்காரர் ஒருவரை துபாயில் உட்கார்ந்திருக்கும் சிவனாண்டி கண்டுபிடிப்பதாவது.

‘விளையாட்டு வீரரா?’ சிவனாண்டி.

‘விளையாட்டு உண்டு. வீரம் இல்லை.’

மருது சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினான். ‘பரிசு, விருது எதுவும் வாங்கியிருக்காரா?’

‘இன்னும் இல்லை. இன்னைக்கு சாயங்காலம் வாங்குவாரு.’

இன்றைக்கு மதுரையில் யாருக்கு விருது விழா? அசோக்குமார் காலைப் பேப்பரை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் துழாவினான். ஒன்றும் இல்லை. ‘பத்திரிகையில பேரு வந்திருக்கா?’ என்று கேட்டான்.

‘ஆம். பெரிய எழுத்துல.’

‘எதையாவது கண்டுபிடிச்சவரா?’ சிவனாண்டி.

‘ஆம். போன வாரம்தான் ஒண்ணு கண்டுபிடிச்சாரு.’

அப்படியானால் விஞ்ஞானி. மதுரையில் ஒரு விஞ்ஞானி, போன வாரம் ஒரு கண்டுபிடிப்பு, இன்றைக்கு விருது, அது தனக்குத் தெரியாமல். அசோக்குமாருக்கு வேர்த்தது. சட்டைப் பித்தானைக் கழற்றினான்.

‘அவரு கண்டுபிடிச்சதுனால யாருக்காவது நல்லது உண்டா?’ மருது.

‘அவருக்கு மட்டும்.’

அடுத்தது அசோக்குமாரின் முறை. ‘நான் அவரை நேர்ல பார்த்திருக்கேனா?’

‘நேர்ல முடியாது. கண்ணாடியில பார்த்திருப்பீங்க.’

கண்ணாடியில். அசோக்குமார் கண்ணை மூடி யோசித்தான். கண்ணாடி என்றால் டிவியா? மியூசியத்துக் கண்ணாடிப் பெட்டியா? உயிரோடு இருப்பவரை எப்படிப் பெட்டிக்குள் வைப்பார்கள்? மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் பெரிய படமாக மாட்டியிருப்பார்களே, அவரா?

இதற்குள் சிவனாண்டி அடித்தான். ‘நல்லகாமா, நீ எப்போடா இவனுக்கு மரியாதை குடுத்துப் பேசினே? பார்த்திருப்பீங்களாமே.’

பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததையும் அடித்தான்.

‘சரி. எனக்கு ஆளு தெரிஞ்சுபோச்சு’ என்றான் சிவனாண்டி. ‘நம்ம அசோக்கு.’

அசோக்குமாருக்குக் கோபம் வந்தது. ‘கடைசி ஆட்டம்டா. கேலி பண்ணாம ஒழுங்கா ஆடு’ என்று அடித்துவிட்டு, இல்லை என்ற சொல்லுக்காகக் காத்திருந்தான். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

‘ஆம்.’

அசோக்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துகள் தொடர்ந்து ஊர்ந்தன.

‘நான் பாண்டீஸ்வரி. நல்லகாமன் அண்ணன் லீவுக்குச் சொந்த ஊரு அலங்காநல்லூருக்கு வந்திருக்காரு. ஊர்ல வேற நெட் சென்டர் இல்லைன்னு, திறக்குறதுக்கு முன்னாடியே பின்வாசல் வழியா நம்ம கடைக்கு வந்தாரு. மூணு மணிக்கு ஒங்க கூட ஆட்டம்னு சொன்னாரு. இப்ப பக்கத்துல உக்காந்து கேசரி சாப்பிடுறாரு.’

பிறகு இன்னொன்று.

‘ஏங்க, ஆளில்லாத நம்ம வீட்டு போன் மத்தியானத்துல இருந்து எங்கேஜ்டாவே இருக்கே. அது யாருகிட்ட பேசிக்கிட்டு இருக்கு?’

பிறகு கடைசியாக ஒன்று.

‘நாலரைக்கு ராகுகாலம். ரிப்பனை இன்னும் வெட்டலை. வாரீகளா?’

துபாயிலிருந்து சிவனாண்டி, இனிமேல் தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று விளக்கமாக அடிக்க ஆரம்பித்தான். அதைப் படிக்க அசோக்குமார் அங்கே இல்லை. கழற்றிய பித்தானை ஒரு கையால் மாட்டிக்கொண்டே மறுகையால் ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டிருந்தான். கூடல்நகரில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. எல்லாச் சாமியையும் கும்பிட்டான். சிக்கந்தர்சாவடியில் ஒரு ஆட்டு மந்தை ரோட்டைக் கடந்தது. ஆடுகளையும் கும்பிட்டான்.

அலங்காநல்லூரில் கடை வாசலில் ஊரே நின்றது. வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு போட்டிருந்தார்கள். ரேடியோ செட் பாடிக்கொண்டிருந்தது. சிவப்பு ரிப்பனுக்கு அந்தப் பக்கம் தாம்பாளத்தோடு பாண்டீஸ்வரி. அவளுக்குப் பின்னால் நல்லகாமன், வாயில் கேசரியோடு, அசோக்குமாரின் கண்ணைப் பார்க்காமல் கம்ப்யூட்டர் விலையை விசாரித்துக்கொண்டிருந்தான்.

மாமனார் முன்னால் வந்தார். “ஆடிட்டு முடிஞ்சிருச்சா மாப்ள?”

அசோக்குமார் வண்டியை ஸ்டாண்ட் போட்டான். எல்லோருக்கும் தெரிந்துவிட்டதா, இல்லையா? அவன் பாண்டீஸ்வரியைப் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“முடியலைப்பா” என்றாள் அவள். “பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்காரு. ஆபீசா, தம்பியான்னு வந்தப்ப, தம்பிதான்னு கிளம்பிட்டாரு.”

கூட்டம் உருகிவிட்டது. மாமனார் துண்டால் கண்ணைத் துடைத்தார். சுருளி காலில் விழப் போனான். அசோக்குமார் அவனைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டான். அந்த நிமிஷத்தில் தான் உண்மையிலேயே ஆடிட்டை விட்டுவிட்டு வந்ததாக அவனுக்கே தோன்றியது. தாம்பாளத்தில் இருந்த கத்திரிக்கோல் மொட்டையாக இருந்தது. நாலைந்து முறை கடித்து இழுத்துத்தான் ரிப்பன் அறுந்தது. கை தட்டினார்கள். உள்ளே போய் முதல் கம்ப்யூட்டரைத் தட்டி விட்டான். மறுபடியும் கை தட்டினார்கள். கேசரி சூடாக இருந்தது. தப்பித்தோம், பெண்டாட்டி என்றால் இவளல்லவா பெண்டாட்டி என்று நினைத்து இரண்டாவது தட்டு வாங்கினான்.

அப்போது மாமனார் கவலையாக ஒன்று சொன்னார். சுருளியிடம் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை இருக்கிறது. பொங்கல் நெருங்குவதால் ஞாயிறு மதியம் அதை நீச்சலுக்குக் கொண்டு போக வேண்டும். வேறு யார் பிடித்தாலும் அது முட்டும். ஞாயிற்றுக்கிழமைதான் கடையில் கூட்டம் சேரும். கடையை யார் பார்ப்பது?

“ஏன், இவுக பாத்துக்குவாக” என்றாள் பாண்டீஸ்வரி. “ஞாயித்துக்கிழமை வேலை பாக்குறது இவுகளுக்குப் பழக்கம்தானே.”

எல்லோரும் அசோக்குமாரைப் பார்த்தார்கள். அசோக்குமாருடைய மூளை, இத்தனை நாள் பொது அறிவில் தீட்டிய மூளை, வேகமாக ஓடியது. எட்டுக் கம்ப்யூட்டர். வீட்டை விட வேகமான லைன். ஞாயிறு மதியம் மூன்று மணி. கேட்பாரில்லை. இவள் தன்னை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, பழத்தைத் தோலுரித்துக் கையில் கொடுக்கிறாள்.

“மாப்ளைக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப் போறேன்” என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

“பொங்கல் முடிஞ்சதும் விட்ரணும்னு இல்லைங்க. வருசம் பூராவும் செய்ங்க” என்றாள் பாண்டீஸ்வரி.

“தாராளமா.”

அடுத்த ஞாயிறு அவன் இரண்டு மணிக்கே கடையில் இருந்தான். மாமியார் வீட்டிலிருந்து கறிச்சோறு வந்தது. சுருளி காளையோடு கிளம்பினான். அவன் கிளம்பியதும் கூட்டம் வந்தது. மலேசியாவில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்க்க ஒரு பெரியவர். பரீட்சை ரிசல்ட் பார்க்க மூன்று பெண்கள். தங்கள் காளையின் போட்டோவைச் சவூதிக்கு அனுப்ப ஒரு குடும்பம். எட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆள். பெஞ்சில் ஆள். வாசலில் ஆள். மூன்று மணி அடித்தபோது அசோக்குமார் பெரியவர் முகத்துக்கு நேராக கேமராவைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

கடை போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

“கூட்டமா இருக்காங்க?”

“நிக்க இடமில்லை.”

“நல்லது. தம்பி சந்தோசப்படுவான். நீங்க வீட்டுல வச்சுட்டுப் போன செல்லுல இருந்துதான் பேசுறேன், காசு ஏறும், சுருக்கமாச் சொல்லுங்க. அந்தக் கணக்கு மேதை ராமானுஜன் இருந்தாருல்ல, அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“எதுக்குக் கேக்குற?”

“சிவனாண்டி அண்ணன் கேக்குறாரு. ஆமாவா இல்லையான்னு நான் பதில் சொல்லணுமாம்.”

“சிவனாண்டியா? அவன் எங்க வந்தான்?”

“சாட்டுலதாங்க. நாலாவது ஆளு இல்லாம ஆட்டம் சேராதாம். நீங்கதான் வருசம் பூராவும் கடையில இருக்கேன்னுட்டீகளே. அதான் என்னையச் சேத்துக்கிட்டாக.”

பெரியவர், மகனின் நெற்றி மட்டும் தெரிகிறது என்று அசோக்குமாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“ஏங்க, இருக்கீகளா? எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக. கல்யாணம் ஆச்சா, இல்லையா?”

“ஆயிருச்சு” என்றான் அசோக்குமார்.